தோப்பும்படிப் பாலத்தில் ஒரு ஜாதிக்காய்

நல்ல காது என்று ஊரில் பெயர் வாங்கியவன் பழைய கார் வாங்கக் கூடாது. அப்படியே வாங்கித் தொலைத்தாலும், அந்தக் காரை அக்கா மகள் கல்யாணத்துக்குள் கொண்டுபோய் நுழைக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நட்டநடுப் பாலத்தில் நின்றபோதுதான் வந்தது. அதற்கு முன்னால் வந்திருந்தால் பல பேருக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

முதலில் காது விஷயம். மட்டாஞ்சேரியில் எங்களுக்கு மலைச்சரக்குக் கடை. போடியிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். எங்கள் முக்கியமான சரக்கு ஜாதிக்காய். ஓட்டோடு காயவைத்த ஜாதிக்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால், நன்றாகக் காய்ந்த காய் ஓட்டுக்குள்ளே கடகடவென்று ஆடும். ஈரம் இருந்தால் ஊமை. எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை வாங்கும் வழக்கமே கிடையாது. (தொட்டிலில் கிடந்தபோதே காய்ந்த காயைக் கொடுத்தால் சிரிப்பேனாம், ஈரக்காயைக் கொடுத்தால் அழுவேனாம். இதைச் சொல்வது என் அக்கா. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.) மூட்டையை ஒரு உதை உதைத்தே தரம் சொல்வேன் என்று வெளியூர் வியாபாரிகளிடம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவன் நான்தான்.

இப்படிப்பட்ட காதுள்ளவன் ஒரு பழைய நாலு கதவு ஹெரால்டு காரை வாங்கினேன். வெளிர்நீல நிறம். அதன் முன்பக்கம் மொத்தமும், விளக்கு மட்கார்டு எல்லாம் சேர்த்து, முதலை வாய் மாதிரி முன்னால் சாய்ந்து திறக்கும். கடைத்தெருவில் நிறுத்தினால் டூரிஸ்டுகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் தற்செயலாக வருவது போல அந்தப் பக்கம் வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்காவின் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களுக்கு அவள் நிவி. காக்கநாட்டில் வேலை. கூட வேலை பார்க்கும் பாலக்காட்டுத் தமிழ்ப் பையனை அவளே பிடித்துவிட்டாள். பையன் தங்கம். பையனின் அம்மாதான் யோசித்துக்கொண்டே இருந்தார். சுத்த சைவக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்றே, "எங்க வீட்டுல முட்டை வாங்கின பையைக்கூட வாசப்படி தாண்ட விடமாட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நெத்திலி வறுவல் இல்லாமல் சோறு இறங்காத நிவி, "எனக்கும் அப்படித்தான் ஆன்ட்டி" என்று தலையை ஆட்டினாள். அக்கா பயந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

கல்யாண மண்டபம் கலூரில். மட்டாஞ்சேரியிலிருந்து போவதென்றால் தோப்பும்படிப் பாலம் ஏறி இறங்கியாக வேண்டும். அக்கா ஒழுங்காக ஒரு ஏசி கார் ஏற்பாடு செய்திருந்தாள். நான் குதித்தேன்.

"தாய்மாமன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது பொண்ணு வாடகை வண்டியிலயா போகும்? என் வண்டியில நான் கூட்டிட்டுப் போறேன்."

"உன் வண்டி போகுமாடா?" என்றாள் அக்கா.

"பறக்கும்!"

நிவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, விளையாட்டில்லை. அவங்க அம்மா ஏற்கெனவே ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியன்னு நிக்கிறாங்க. முகூர்த்தம் மட்டும் தப்பிச்சுன்னா நான் ஆயுசுக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும். நம்பலாமா?"

"கண்ணை மூடிட்டு நம்பு" என்றேன். ஏசி காரை நானே போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னேன்.

பறக்கும் என்று சொல்லியாயிற்று. ஆனால் ஹெரால்டு பறக்கிற ஜாதி இல்லை. பாலத்தில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு முந்துவார்கள். எனவே கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் கறையே இல்லாத ஒரு வெள்ளைக்காரர், டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் பிளக்கில் பொறி சீக்கிரம் விழும், வண்டி சுறுசுறுப்பாகும் என்றார். கொஞ்சம் என்றுதான் அவர் சொன்னார். சோற்றில் நெய் ஊற்றும்போது நான் கொஞ்சத்தோடு நிறுத்துகிற ஆளா? கை போன வரைக்கும் திருப்பினேன். வண்டி குதித்துக்கொண்டு கிளம்பியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாளே அந்தச் சத்தம் வந்தது. பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் முன்னாலிருந்து கிணிகிணிகிணி என்று ஒரு கிலுக்கல். காலை எடுத்தால் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி கிணிகிணி. சமதளத்தில் மெதுவாகப் போனால் பரம சாது.

இன்றைக்கு இதைக் கார் தெரிந்த யாரிடம் சொன்னாலும் பாதி சொல்வதற்குள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பொறி முந்தி விழுகிறது, பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்னால் பெட்ரோல் எரிந்து அதன் மண்டையில் அடிக்கிறது, பாரத்தோடு மிதிக்க மிதிக்க அடி பலமாகிறது. அவ்வளவுதான் சங்கதி. டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பினால் தீர்ந்தது. திருப்பியவன் நான், சத்தம் வந்தது மறுநாள். இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு நல்ல காது போதாது போலிருக்கிறது.

தோப்பும்படியில் மெக்கானிக் ஜோசேட்டனிடம் கொண்டுபோனேன். நிறுத்திவைத்து என்ஜினை எவ்வளவு முடுக்கினாலும் சத்தம் வரவில்லை. "லோடில் ஓடிச்சாதான் அறியும்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். பாலத்தில் அன்று பார்த்து வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சரி என்று மட்டாஞ்சேரிக்குள்ளே திரும்பினோம். இங்கே மேடு எங்கே இருக்கிறது? ஊரே தோசைக்கல். போதாததற்கு முன்னால் ஒரு அரிசி லாரி. இரண்டாவது கியரைத் தாண்டாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். என்ஜின் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"சாரே, சௌண்டு வரும்போ கொண்டு வா" என்று சொல்லி இறங்கி, சாயா குடிக்கப் போய்விட்டார்.

சத்தத்தை எப்படிக் கொண்டுபோவது? கைப்பேசியில் பதிவு செய்தேன். அதை ஜோசேட்டனுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் அதை எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். போடி, கம்பம், விருதுநகர், கொச்சி என்று சிதறிக் கிடக்கும் சொந்தம் மொத்தமும் அதில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் மலைச்சரக்கு வியாபாரம். அத்தனை பேருக்கும் நல்ல காது.

"கார்ல என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தேன்.

முதலில் விருதுநகர் சித்தப்பா: "கொட்டைப்பாக்கு. சீட்டுக்கு அடியில பாரு."

கம்பத்து மச்சான்: "பாக்குக்கு இவ்வளவு கணகணப்பு வராது. ஏலக்காய் டப்பாவா இருக்கும்."

அதற்குள் ஒரு அத்தை, மிளகாக இருந்தால் சரசரவென்று கேட்கும், இது உருண்டு விழுகிற சத்தம் என்று நீண்ட வாய்ஸ் நோட்டு போட்டாள். வாக்குவாதம் சூடு பிடித்தது. கடைசியில் போடிப் பெரியப்பா வந்தார். அவர் வந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். பதிவைப் பலமுறை கேட்டதாகச் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதினார்: "ஜாதிக்காய். ஓட்டோட இருக்கு. இந்த வருசக் காய், அருமையாக் காஞ்சிருக்கு. எத்தனை மூட்டை வச்சிருக்கே?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதானே! அது ஜாதிக்காய்ச் சத்தமேதான்! தினமும் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற சத்தம் எனக்கு எப்படித் தெரியாமல் போனது? சாம்பிள் பையைக் காரில்தான் எடுத்துப் போகிறேன். எங்கேயோ சில காய்கள் உருண்டு உள்ளே போயிருக்கின்றன. மிதித்தால் வண்டியின் மூக்கு தூக்குகிறது, காய் பின்னால் உருள்கிறது, கிணிகிணி. காலை எடுத்தால் காய் அடங்குகிறது. மேட்டில் அதிகம், சமதளத்தில் கிடையாது. எல்லாமே பொருந்தியது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு தப்பை நான் வாழ்க்கையில் அதற்குப் பிறகு செய்ததில்லை.

காரை வாசலில் நிறுத்தி, சீட்டுகளைக் கழற்றி, கதவு அட்டைகளைப் பிரித்து, தரைவிரிப்பைச் சுருட்டினேன். பின்சீட்டுக்குக் கீழே இருந்து ஜாதிக்காய்கள் வந்தன! நிஜமாகவே வந்தன. கூடவே கொஞ்சம் மிளகு, ஒரு சுக்குத் துண்டு, என் அத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடி. காயை எடுத்துக் குலுக்கினேன். கணீரென்று ஆடியது. படம் பிடித்துக் குழுவில் போட்டேன். பெரியப்பாவுக்குப் பூச்செண்டு எமோஜிகளாக வந்து விழுந்தன. கடற்கரைச் சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. (சமதளம். பாரமும் இல்லை. எங்கிருந்து வரும்?) "கண்டுபிடிச்சாச்சு" என்று நிவியிடம் போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், பாவம்.

கல்யாணத்தன்று காலை. அத்தானும் உறவினர்களும் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். ஹெரால்டின் மூக்கு முழுக்க மல்லிகைச் சரம். உள்ளே பட்டுப்புடவையில் நிவி, பக்கத்தில் அக்கா. முன்சீட்டிலும் டிக்கியிலும் தாய்மாமன் சீர்: குத்துவிளக்கு, பித்தளை அண்டா, தேங்காய் மூட்டை, வாழைத்தார், பழத்தட்டுகள். நிவிக்கு நான் போட வேண்டிய ரோஜா மாலையும் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை விழாமல் பெண் மணவறை ஏறக் கூடாது. வண்டி பின்பக்கம் அழுந்தி, மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

பாலம் ஏற ஆரம்பித்தோம். மிதித்தேன். கிணிகிணிகிணி!

"என்னடா அது?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. ஒரு காய் இன்னும் உள்ள கிடக்கு."

"மாமா, இது பின்னால கேக்கல. முன்னாலருந்து வருது" என்றாள் நிவி.

"உருண்டுக்கிட்டே இருக்கும்ல, அப்படித்தான் தெரியும்."

இந்த இடத்தில்தான் என் மூளை உச்சத்தைத் தொட்டது. நன்றாக அழுத்தி மிதித்தால் அந்தக் காய் ஒரே ஓட்டமாகப் பின்மூலைக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் வாயைத் திறக்காது என்று கணக்குப் போட்டேன். ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தேன். கிணிகிணி கணகணவானது. கணகண கடகடவானது. நான் விடவில்லை. "போ, போ, பின்னால போ!" என்று காயை அதட்டினேன். பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் பட்டென்று ஒரு சத்தம். முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுவிட்டது.

அமைதி. சத்தம் சுத்தமாகப் போயிருந்தது.

இறங்கி முதலை வாயைத் திறந்தேன். மல்லிகைச் சரமெல்லாம் ரோட்டில் புரண்டது. ஒன்றும் புரியவில்லை. ஜோசேட்டனுக்குப் போன் போட்டேன்.

"சௌண்டு வந்தோ?"

"வந்தது சேட்டா."

"இப்போ?"

"இப்போ எதுவுமே வரல."

"ஆ... ஓரமா தள்ளி வை. நான் வராம்."

பாலத்தில் பின்னால் ஹாரன்கள் ஊரைக் கூட்டின. எங்களுக்கு நேர் பின்னால் நின்றது துறைமுகத்திலிருந்து வரும் மீன் வண்டி. ஐஸ் பெட்டியோடு கூடிய அடைத்த வேன். அது ஒதுங்கிப் போனால்தான் மற்ற எதுவும் நகர முடியும், அதற்கும் முன்னால் எங்கள் கார். நிவி இறங்கினாள். அவள் அழவில்லை. அக்காவின் கைப்பேசியில் அத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல ஆரத்தித் தட்டோட நிக்கிறாங்க, எங்கே இருக்கீங்க?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. அந்த நிமிஷம் நான் காற்றாகக் கரைந்து பாலத்துக்குக் கீழே இருக்கும் காயலில் விழுந்துவிட ஆசைப்பட்டேன். என் ஜம்பத்துக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் பாலத்தில் நிற்கிறது.

மீன் வண்டிக்காரர் நௌஷாத் இறங்கி வந்தார். நிலைமையைப் பார்த்தார். என்னோடு சேர்ந்து காரை ஓரம் தள்ளினார். நிவியைப் பார்த்து, "மோளே, எங்கே போகணும்?" என்றார்.

"கலூர்."

"எனிக்கும் அந்த வழிதான். ஏறிக்கோ. ஆனா முன்னால ரெண்டு பேருக்குத்தான் இடம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நிவி என் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். நான் இல்லாமல் போக முடியாது. எல்லோரும் சேர்ந்து வேனின் பின்கதவைப் பார்த்தோம்.

அப்படித்தான் நான் அண்டா, குத்துவிளக்கு, தேங்காய் மூட்டை சகிதம் சாளைக்கும் அயிலைக்கும் நடுவில் ஏறினேன். மூச்சு விடுவதற்காகப் பின்கதவைக் கயிறு கட்டிக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். "மாலையில மட்டும் மீன் படாம பாத்துக்க" என்று அக்கா கத்தினாள். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, மாலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கலூர் வரைக்கும் இறக்கவில்லை. பட்டு வேட்டியில் ஐஸ் தண்ணீர் ஏறி, உட்கார்ந்த இடம் மரத்துப்போனது. திருப்பத்தில் ஒரு அயிலை பெட்டியிலிருந்து வழுக்கி என் மடியில் வந்து உட்கார்ந்தது. கை காலியில்லாததால் அதையும் அழைத்துக்கொண்டு போனேன்.

மண்டப வாசலில் காவலாளி குறுக்கே வந்து நின்றார். "இது சைவக் கல்யாணம், இங்கே மீன் எடுக்கறதில்லை, வண்டியைத் திருப்பு!"

"நான்தான்யா பொண்ணு!" என்று நிவி ஜன்னல் வழியாகப் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

வேன் உள்ளே போனது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நிவி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பின்கதவு திறந்தது. வாசனை இறங்கியது. அதன் பின்னால் நான் இறங்கினேன். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அந்த அம்மாவின் முகம் என்னென்னவோ ஆயிற்று. அக்கா என் கையைப் பிடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் நிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அழாதிருந்த நிவிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. "ஆன்ட்டி... முகூர்த்தத்துக்கு வந்துடணும்னு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அந்த அம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, "தட்டுல கற்பூரம் இன்னும் கொஞ்சம் போடு" என்றார். சுற்றி முடித்துப் பொட்டு வைத்துவிட்டு, "அழாதே கண்ணு. நேரம் இருக்கு, உள்ள வா. இப்படி அடிச்சுப் பிடிச்சு வர்ற பொண்ணை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்று அவள் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். போகிறபோது என்னிடம், "நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளியே வாங்கோ" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கேட்டவர்களிடம் ஐஸ் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி நிவிக்கு மாலை போட்டேன். மாலை ரோஜா வாசனையாகத்தான் இருந்தது, சத்தியம். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. போட்டோக்களில் நான் எல்லாவற்றிலும் ஓரத்தில் இருக்கிறேன், என்னைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலி.

காருக்கு, என்ஜின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஜோசேட்டன் அதை மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். இப்போது ஹெரால்டு சைக்கிள்களுக்கு வழிவிட்டு, சத்தமில்லாமல் பாலம் ஏறுகிறது. நடந்ததைக் குழுவில் எழுதினேன். பெரியப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ஜினையும் பிரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன தை மாதம், இங்கே மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் சித்தப்பா பேத்தி சரண்யாவுக்குக் கல்யாணம். வாசலில் பூ அலங்காரத்தோடு புத்தம்புதுக் கார் நின்றது. சரண்யா ஏற மறுத்துவிட்டாள். "நிவி அக்கா வந்த வண்டிதான் வேணும். மாமியார் அவளை எப்படித் தாங்குறாங்கன்னு பாத்தீங்கல்ல?" வீட்டுப் பெண்களெல்லாம், அது ராசியான வண்டிதான் என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நௌஷாத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழக்கம் என்றால் முழுசாகத்தான் செய்ய வேண்டும் என்று பின்னால் ஐஸும் ஏற்றியிருந்தார். சரண்யாவின் தாய்மாமன் பேங்க்கில் பெரிய அதிகாரி, சளித் தொந்தரவு உள்ளவர். மாலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்த மனிதர், கதவு சாத்தும்வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், பெற்றவர்கள் ஜாதகம் கேட்கிறார்கள், பெண் சம்பளம் கேட்கிறாள். தாய்மாமன்கள் மட்டும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள்: "மண்டபம் பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"